கருவறையின் வாயில்

நுழையும்முன்

கருவுற்ற தாய் உண்பதிலும் பருகுவதிலும் சுவாசிப்பதிலும் வயிற்றில் வளரும் சேய்க்கும் பங்குண்டு. அன்றாடப் பொருள்களில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் தாய், சேய் இருவரின் வளர்சிதை மாற்றத்தையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை விளக்குகிறது இப்பாடம்.

சுவரா? வாயிலா?

தாயையும் சேயையும் இணைக்கும் உறுப்பைத் தாய்சேய் இணைப்புத்திசு என்கிறது உயிரியல். நஞ்சுக்கொடி என்பது மக்கள் வழக்கு. தீங்கானவற்றைத் தடுத்து நிறுத்தும் சுவர் அது என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையைத் தகர்த்தது தாலிடோமைடு என்னும் மருந்து. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அதனைக் கருவுற்ற பெண்கள் பலர் குமட்டலைத் தணிக்க உட்கொண்டனர். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறந்தன. 1961இல் ஜெர்மனியில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. நஞ்சுக்கொடி ஒரு வாயில் என்பதை உலகம் பெருந்துயரின் வழியே உணர்ந்தது.

உறுப்பின் குறை கண்ணுக்குத் தெரியும். ஆனால், உடல் ஆற்றலைச் சேமிக்கும் முறையில் நேரும் மாற்றம் பிறந்த அன்றே தெரிவதில்லை. அதனை அறிய, கருக்காலத்தில் உடல் இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

இருவருக்கான சமநிலை

கருக்காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் இயக்குநீர்கள், தாயின் உடலில் இன்சுலினின் செயலாற்றலைச் சற்றே குறைக்கின்றன. சேய்க்குப் போதிய சர்க்கரை கிடைக்க இயற்கை வகுத்த ஏற்பாடு இது. தாயின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதனை ஈடுசெய்கிறது. ஈடுசெய்ய இயலாதபோது கருக்கால நீரிழிவு தோன்றுகிறது.

தாயின் குருதியிலுள்ள மிகுதியான சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடைகிறது; தாயின் இன்சுலினோ கடப்பதில்லை. ஆகவே, சேயின் சிறு கணையமே மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. அதன் உடலில் கொழுப்புச் சேர்கிறது. தொப்புள்கொடி அறுக்கப்பட்டதும் சர்க்கரை வரவு நின்றுவிடுகிறது. இன்சுலின் சுரப்போ உடனே தணிவதில்லை. அதனால் பிறந்த குழந்தையின் குருதியில் சர்க்கரை திடீரெனக் குறையலாம்.

குறுக்கிடும் வேதிப்பொருள்கள்

இயக்குநீர்கள் மிக நுண்ணிய அளவிலேயே செயல்படுபவை. அவற்றைப் போல நடித்தோ அவற்றின் வழியை மறித்தோ குழப்பம் விளைவிக்கும் வேதிப்பொருள்கள் நம் வீடுகளிலேயே உள்ளன. கெட்டியான நெகிழிப் பொருள்கள், உணவு டப்பாக்களின் உட்பூச்சு, கடைகளில் தரும் பற்றுச்சீட்டு ஆகியவற்றில் பிஸ்பீனால்-ஏ இருக்கக்கூடும். நெகிழியை மென்மையாக்கவும் நறுமணத்தை நிலைநிறுத்தவும் தாலேட்டுகள் பயன்படுகின்றன. பிஸ்பீனால்-ஏ, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களின் செயலை மாற்றுவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன.

கப்பல்களின் அடிப்பகுதியில் பூசப்பட்ட டிரைபியூட்டைல்டின் என்னும் வேதிப்பொருளைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார் அமெரிக்க அறிவியலாளர் புரூஸ் புளூம்பெர்க். அவற்றின் குட்டிகளின் உடலில் கொழுப்பு மிகுந்திருந்தது. 2006இல் வெளியான இவ்வாய்வுக்குப் பின், உடற்பருமனைத் தூண்டும் வேதிப்பொருள்கள் குறித்த ஆராய்ச்சி விரிவடைந்தது. மனிதரிடத்திலும் சான்று உண்டு. புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதும், அவர்களுக்குப் பின்னாளில் உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பு மிகுவதும் பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன.

தெரிந்து தெளிவோம்

பிஸ்பீனால்-ஏ 1891இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. அது பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுவதை 1936இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் டாட்ஸ் கண்டறிந்தார். ஆயினும், பின்னாளில் அதிலிருந்து உருவான நெகிழியில் குழந்தைகளின் பாற்புட்டிகள் செய்யப்பட்டன. அப்புட்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் தடை விதித்தன.

எவர் பொறுப்பு?

பிஸ்பீனால்-ஏ, தாலேட்டுகள் போன்றவை பெரும்பாலும் ஓரிரு நாள்களில் சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றன. நாள்தோறும் புதிதாக நுழைவதாலேயே அவை உடலில் நீடிக்கின்றன. எனவே, வரவைக் குறைத்தால் உடலில் அவற்றின் அளவும் விரைந்து குறையும். சூடான உணவை நெகிழியில் இடாமல் எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கலங்களில் இடுதல், சமையலறைப் புகை வெளியேற வழிசெய்தல், கருவுற்றவர் அருகில் புகைபிடிக்காதிருத்தல் ஆகியன எளிய காப்புகள்.

ஆனால், இக்காப்புகளைத் தாய் ஒருத்தியின் கடமையாக மட்டும் கருதுதல் அறமாகாது. தான் வாங்கும் பொருளில் என்ன கலந்துள்ளது என்பதை அவளால் கண்டறிய இயலுமா? தன் வீட்டு அடுப்பைத் தெரிவுசெய்யும் உரிமைகூட இல்லாத பெண்கள் எத்தனை பேர்! பாற்புட்டியிலிருந்து பிஸ்பீனால்-ஏ அகன்றது அறிவியல் உண்மையைக் கண்டதாலும் சட்டம் அதனை ஏற்றதாலும்தான். தாய்மாரின் அச்சத்தால் மட்டும் அன்று. குழந்தை தன் முதல் ஒன்பது திங்கள் வாழும் இல்லத்தின் வாயிலைக் காப்பது குடும்பம், தொழிற்சாலை, அரசு ஆகிய அனைத்தின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் சூடான உணவுக்குப் பயன்படும் நெகிழிப் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மாற்றாகும் பொருள்களை எழுதுக.
2. 'கருவிலுள்ள சேயின் நலம் சமூகத்தின் பொறுப்பு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.