பதிப்பு எண்ணை எழுதுவதா, விடுவதா?

கட்டைபறிச்சானில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்திருக்கிறது என்று கொள்வோம். டேக் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் உள்ளன. 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 நியமத்தின்படி 'ஊர்' என்ற டேக் செல்லும். அதையே சிங்களத்தில் எழுதினால் பார்சர் பிழை காட்டி நிறுத்திவிடும். டேக் பெயரில் வரக்கூடிய எழுத்துகளை அந்த நியமம் யூனிகோட் 2.0 பதிப்போடு நிறுத்தியதுதான் காரணம். தமிழ் 1991இலேயே யூனிகோட்டில் இருந்தது; சிங்களம் சேர்ந்தது 1999இல், 3.0 பதிப்பில்.

தமிழும் முழுதாகத் தப்பவில்லை. அந்த எழுத்துப் பட்டியலைத் திறந்து பாருங்கள்: ம முதல் வ வரை ஒரு தொடர், ஷ முதல் ஹ வரை அடுத்த தொடர், நடுவே ஓர் இடம் காலி. 2005இல் யூனிகோட் 4.1இல் வந்த 'ஶ'வின் இடம் அது. 2004இல் எக்ஸ்எம்எல் 1.1 இந்தத் தடையை நீக்கியும் அந்தப் பதிப்பைக் கையாண்டவர்கள் குறைவு. 1.0இன் ஐந்தாம் பதிப்பு 2008இல் கதவைத் திறந்தபோது பத்தாண்டு போயிருந்தது. ஒரு மொழியின் எழுத்தை ஏறத்தாழப் பத்தாண்டு வெளியே நிறுத்தியது ஒரு பதிப்பு எண்.

ஆகவே எழுத்துத் தொகுதி போல வளர்கிற பொருளுக்கு எண்ணில்லாத மேற்கோளே சரி என்பேன். 2005இல் வெளியான டபிள்யூ3சியின் எழுத்து மாதிரி நியமமும் அப்படித்தான் சொல்கிறது: பின்னால் சேரும் எழுத்துகளும் பயன்பட வேண்டுமென்றால் யூனிகோட்டைப் பொதுவாகவே சுட்ட வேண்டும்.

எண் கட்டாயமாகும் இடமும் உண்டு. "பிரிவு 3.9இன்படி" என்று எழுதினால் பதிப்பையும் எழுதியே ஆகவேண்டும், அடுத்த பதிப்பில் அந்தப் பிரிவு இடம்மாறலாம். சிங்கள எழுத்துக் குறிமுறைக்கான எஸ்எல்எஸ் 1134க்கு 2004 பதிப்பும் உண்டு, 2011 பதிப்பும் உண்டு. ஒரு சோதனை முடிவை அறிவிக்கும்போது ஆண்டை விட்டால் எதை வைத்துச் சோதித்தார்கள் என்பதே தெரியாது.

பலர் மறந்துவிடும் மூன்றாவது வழி, மாறாத தொடர்ப்பெயர். இலங்கைத் தமிழுக்கான மொழிக்குறியின் விதி 2001இல் ஆர்எஃப்சி 3066, 2006இல் 4646, 2009 முதல் 5646. இம்மூன்றையும் அந்தந்தக் காலத்தில் சுட்டிய 'பிசிபி 47' என்ற பெயரை எழுதியவர்கள் எதையும் திருத்தவில்லை. இப்படியொரு பெயர் கிடைக்குமிடத்தில் தயங்காமல் அதையே எடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒரே ஆவணத்தில் கலக்காதீர்கள். நியம ஆவணம் எழுத உதவும் ரெஸ்பெக் போன்ற கருவியில் ஒரு நியமத்தின் குறுஞ்சாவியை எழுதினால் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் தானே புதுப்பித்துக்கொள்ளும், பத்தியில் கையால் தட்டிய "யூனிகோட் 4.1" அப்படியே கிடக்கும். ஒரே பக்கம் இரண்டு பதிப்பைச் சொன்னால், மென்பொருள் எழுதுபவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். வெளியிடுமுன் நியமப் பெயர் வரும் இடங்களையெல்லாம் தேடுங்கள். எண் தேவையென்றால் அதை மேற்கோள் பட்டியலில் மட்டும் வைத்து, பத்தியிலிருந்து அங்கே சுட்டுங்கள்.