கப்பற் புகைக்குக் கணக்கு எழுதும் முறை

வல்வெட்டித்துறையில் கப்பலுக்குப் போய்வந்த ஒருவராவது இல்லாத ஒழுங்கை குறைவு. ஆகவே எஞ்சின் என்றால் என்ன, பொயிலர் என்றால் என்ன என்று இங்கே விளக்கப் போவதில்லை. இலங்கையின் கப்பல் துறை ஓர் ஆண்டில் எவ்வளவு காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது என்று கணக்குப் போட முயலும் மாணவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பெருக்கலில் அல்ல, எந்தப் பயணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எரிபொருள் விவரத்தைச் சேருங்கள். புகைபோக்கியை அளக்கத் தேவையில்லை. எரித்த எண்ணெய் தெரிந்தால் போதும். கப்பலென்றால் எண்ணெய் ஏற்றும்போது கொடுக்கும் ரசீதும், தினமும் நண்பகலில் அனுப்பும் அறிக்கையும் உண்டு. 5,000 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ள, சர்வதேசப் பயணம் போகும் கப்பல்கள் 2019 முதல் தம் எரிபொருட் செலவைப் பதிந்து ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதி. சிறு படகென்றால் எரிபொருள் நிலையத்து பில், சங்கத்துப் பதிவேடு. 2022ஐ மட்டும் ஒப்பீட்டு ஆண்டாக எடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த ஆண்டு அது. அதோடு ஒப்பிட்டால் அடுத்த எந்த ஆண்டும் புகை கூடியதாகவே தெரியும்.

அடுத்தது பிரிப்பது. இங்கே அவசரப்பட வேண்டாம்.

தாளில் மூன்று பத்திகள் கீறுங்கள்: உள்நாட்டுக் கப்பற் பயணம், சர்வதேசக் கப்பற் பயணம், மீன்பிடி. கப்பற் பயணத்தைப் பிரிக்கும்போது புறப்பட்ட துறையையும் சேர்ந்த துறையையும் மட்டும் பாருங்கள். கொடி யாருடையது, முதலாளி யார், கப்டன் எந்த ஊர் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்கு வேண்டியதில்லை. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டி நெறி இதுதான்.

எங்கள் ஊர் உதாரணத்தையே எடுப்போம். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயர் மாறி, எங்கள் ஊர்க் கடலோடிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சேர்ந்தது. அது காற்றுக்குப் பதிலாக எண்ணெயில் ஓடியிருந்தால் புகையை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? கட்டியவர் தமிழர், வாங்கியவர் அமெரிக்கர் என்று யோசித்தால் குழம்பிப் போவீர்கள். புறப்பட்டது ஒரு நாடு, சேர்ந்தது இன்னொரு நாடு, ஆகவே சர்வதேசம். அவ்வளவுதான்.

இப்போது மற்றவை சுலபம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடும் படகுகள் உள்நாடு. திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குச் சரக்கு வந்தால், அது பனாமாக் கொடிக் கப்பலானாலும் உள்நாடு. 2023 ஒக்ரோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சர்வதேசம். தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல்தான் என்பதால் அதை உள்நாட்டில் சேர்க்க முடியாது. இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனத்தின் ‘சிலோன் பிரின்சஸ்’ வெளிநாட்டிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்தால் அதுவும் சர்வதேசம். கப்பல் பல துறைகளைத் தொட்டுப் போனால் துறைக்குத் துறை தனித்தனி வரி எழுதுங்கள். மொத்தப் பயணத்தை ஒரே வரியில் எழுதும் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சர்வதேசப் பத்தியை நாட்டின் மொத்தத்தோடு கூட்டக் கூடாது. கீழே குறிப்பாக மட்டும் காட்ட வேண்டும். கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் வெளிநாட்டுப் பயணக் கப்பல்கள் நிரப்பும் எண்ணெயை மொத்தத்தில் சேர்த்தால், இலங்கை செய்யாத பயணங்களின் புகை இலங்கையின் தலையில் விழும்.

மீன்பிடிக்கு விதி வேறு. அங்கே எந்தக் கடலில் ஓடியது என்பதைப் பார்ப்பதில்லை, எந்த நாட்டில் எண்ணெய் நிரப்பியது என்பதையே பார்க்கிறோம். எங்கள் கரைக்கு அண்மையில் வந்து மடி இழுக்கும் தமிழ்நாட்டு இழுவைப் படகின் புகை இந்தியாவின் கணக்கு. பருத்தித்துறையில் நிரப்பிய படகின் புகை, அது எவ்வளவு தூரம் போனாலும், இலங்கையின் கணக்கு.

பிரிப்பதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நான்காவது ஆய்வு 2018ஆம் ஆண்டுக்கு, கப்பலின் வகையை வைத்துப் பிரித்தபோது சர்வதேசக் கப்பல்களுக்கு 919 மில்லியன் தொன் காபனீரொட்சைட்டு என்றது, பயணத்தை வைத்துப் பிரித்தபோது 740 மில்லியன். அதே கப்பல்கள், அதே எண்ணெய்.

அடுத்தது நிறையாக்குவது. எரித்த எண்ணெய் எவ்வளவு காபனீரொட்சைட்டை விடும் என்று காட்டும் குணகங்கள் எல்லாம் தொன்னுக்கு உரியவை, லீற்றருக்கு அல்ல. டீசல் லீற்றர் ஏறத்தாழ 0.84 கிலோ, மண்ணெண்ணெய் ஏறத்தாழ 0.8 கிலோ. ரசீதில் அடர்த்தி இருந்தால் அதையே எடுங்கள்.

பிறகு பெருக்குங்கள். பாரமான எண்ணெய்க்கு 3.114, கப்பல் டீசலுக்கு 3.206, மண்ணெண்ணெய்க்கு 3.15. ஆயிரம் லீற்றர் டீசல் 840 கிலோ. அது விடுவது ஏறத்தாழ 2.69 தொன். லீற்றரையே கிலோவாக எடுத்துப் பெருக்கினால் 3.2 தொன் வரும். ஐந்திலொரு பங்கு கூடிப்போகும். எரித்த எண்ணெயை விடப் புகை எப்படிப் பாரமானது என்று மலைக்க வேண்டாம், காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்கிறது.

கடைசியாகச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாத கணக்கை நான் வாசிப்பதே இல்லை. பில்லை ஒதுக்கிவிட்டு எஞ்சினிலிருந்து வாருங்கள். 300 கிலோவாற்று எஞ்சின் முக்கால் பாரத்தில் ஓடினால், கிலோவாற்று மணிக்கு 200 கிராம் என்று வைத்து, மணிக்கு 45 கிலோ, அதாவது ஏறத்தாழ 54 லீற்றர் டீசல். ஓடிய மணித்தியாலத்தால் பெருக்கி பில்லோடு ஒப்பிடுங்கள். வேகத்தையும் கேளுங்கள்: வேகம் பத்து வீதம் குறைந்தால் தேவையான வலு கால் பங்குக்கு மேல் குறையும், ஆகவே ஒரே கப்பலின் இரு பயணங்களுக்கு இரு செலவு வருவது பிழையல்ல. பில் மிகவும் கூடுதலாக இருந்தால் முதலில் துறையில் நின்ற நாட்களைத் தேடுங்கள். பிரதான எஞ்சினை நிறுத்திய பிறகும் ஜெனரேற்றரும் பொயிலரும் எண்ணெய் எரிக்கின்றன. பெரும்பாலான தாள்களில் அந்த வரிதான் விடுபட்டிருக்கும்.