தன் முதுகு தனக்குத் தெரியாது

'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பது நம் பழமொழி. பிறர் குறையைக் காண்பவர் தம் குறையைக் காணார் என்பது அதன் கருத்து. ஆயினும் குழித்தறியில் அமரும் நெசவாளருக்கும், சேற்றில் குனிந்து நாற்று நடும் உழவருக்கும் அது நேர்ப்பொருளிலேயே பொருந்தும்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்புவலியை நாட்பட்ட வலி என்பர் மருத்துவர். பெரும்பாலோரிடம் எலும்பு முறிவு, கட்டி போன்ற தனிக் காரணம் எதுவும் அதற்குத் தென்படுவதில்லை. நெய்த அளவுக்கே கூலி என்பதால் வலியைப் பொறுத்துக்கொண்டு தறியில் அமர்கிறோம். பொறுக்க இயலாத நாளில் படுத்துவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. உடலை ஆளும் முறையைப் புதிதாகக் கற்பதே அது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில் 1869-இல் பிறந்தவர் எஃப். எம். அலெக்சாண்டர். மேடையில் செய்யுள் ஓதுவது அவர் தொழில். அடிக்கடி குரல் கம்மியதால், கண்ணாடி முன் நின்று ஓதித் தம்மைக் கவனித்தார். வாய் திறக்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை இறுக்குவது தெரிந்தது. திருத்திக்கொண்டதாக அவர் உணர்ந்தபோதும், கண்ணாடி பழைய கோணலையே காட்டிற்று. நெடுநாட் பழக்கம் கோணலையே நேர் என உணரச் செய்யும் என்பது அவர் கண்ட உண்மை. அதிலிருந்து ஒரு பயிற்சிமுறையை வகுத்தார்.

அம்முறையை இங்கிலாந்தில் நாட்பட்ட இடுப்புவலியுடைய 579 பேரைக் கொண்டு ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டுக்குப்பின், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோர் நான்கு வாரத்தில் ஏறத்தாழ 21 நாள் வலியுற்றனர். ஆசிரியரிடம் 6 பாடம் கற்றோருக்கு அது 11 நாளாகவும், 24 பாடம் கற்றோருக்கு 3 நாளாகவும் குறைந்தது.

அத்தகைய ஆசிரியர் நம் ஊரில் இல்லாமலிருக்கலாம். ஆயினும் அதன் அடிப்படையை நாம் பின்பற்றலாம். கண்ணாடிக்குப் பதிலாக நமக்கு அங்கத்தினர் இருக்கின்றனர்.

ஒருவர் நெய்யும்போது மற்றொருவர் பக்கவாட்டில் நின்று கவனிக்கட்டும். பாவின்மேல் கழுத்து நீள்கிறதா? கயிற்றை இழுக்கும்போது தோள் காதருகே உயர்கிறதா? மிதிக்கும்போது உடல் ஒரே பக்கம் சாய்கிறதா? மூச்சு அடங்குகிறதா? கண்டதை அன்போடு சொல்லட்டும். கேட்டவர் உடனே விறைத்து நிமிரவேண்டா. விறைப்பும் ஓர் இறுக்கமே. கழுத்தைத் தளர்த்தி, இரு பக்கமும் பாரம் சமமாக விழுமாறு அமர்ந்து, பிறகு நாடாவை ஓட்டுக.

எவ்வளவு நல்ல அமர்வாயினும் நெடுநேரம் நீடித்தால் துன்பமே. அரைமணிக்கு ஒருமுறை குழியை விட்டு எழுந்து சிறிது நடக்கவேண்டும். நடவிலும் களையெடுப்பிலும் இவ்வாறே இடையிடையே நிமிர்ந்து நடப்பது நன்று. மூட்டையைத் தூக்கும்போது உடலோடு ஒட்டிப் பிடித்து, முழங்காலையும் இடுப்பையும் மடக்கித் தூக்குக; திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்துக. மாலையில் தலைக்கீழ் சிறு உயரம் வைத்து, முழங்கால்களை மடக்கி, பத்து நிமிடம் மல்லாந்து படுப்பது உடலைத் தளர்த்தும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியையும் நோயறிவையும் பரிந்துரைக்கிறது; இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

ஆனால் கால் மரத்து வலுவிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை வலியோடு சேர்ந்தால் தாமதியாது மருத்துவரை நாடவேண்டும்.

அரைமணிக்கு இரண்டு நிமிடம் எழுந்தால் கூலி குறையுமே என அஞ்சுவோர் உளர். இடுப்பு விழுந்தால் தறியே நின்றுவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். நூலையும் கடனையும் பகிர்ந்துகொள்ளும் நாம், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தையும் இம்மாதமே தொடங்குவோமாக.