காற்றில் வரும் இணைப்பு யாருடையது?



லிட்டில் இந்தியாவில் டன்லப் தெருவிலோ பஃபலோ ரோட்டிலோ ஒரு கடைக்குள் அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தால், வைஃபை என்னுமிடத்தில் பல பெயர்கள் வரிசையாய்த் தோன்றுகின்றன. சிலவற்றின் அருகே பூட்டுச் சின்னம் உண்டு, சிலவற்றிற்கு இல்லை. பூட்டில்லாததைக் கண்டதும், "காற்றில் வருவதுதானே, யார் வீட்டுச் சொத்து?" என்று அதைத் தொட்டுவிடுவோர் நம்மில் உண்டு. இவ்வெண்ணம் சரிதானா என்று பார்ப்போம்.

கம்பியில்லா இணைப்பு என்பது ரேடியோ அலையே. ரவுட்டர் என்னும் சிறு பெட்டி, கம்பி வழியே வரும் இணையத்தை அலையாக்கி நாற்புறமும் வீசுகிறது. அது சுவரைத் தாண்டி அடுத்த கடைக்கும் மேல் மாடிக்கும் போகும். ஆயினும், ரேடியோவில் பாட்டுக் கேட்பது போன்றதன்று இது. இங்கே நம் கணினி அடுத்தவர் பெட்டியைத் தட்டி வேலை வாங்குகிறது. அவர் மாதக் கட்டணம் கட்டும் பாதையில் நம் சரக்கை ஏற்றுகிறது. கேளாமல் எடுத்தால் அவருடைய ஹக்கில் கை வைத்ததாகும்.

சட்டமும் இதையே சொல்லுகிறது. 2006 நவம்பரில், அடுத்த வீட்டாரின் வைஃபையை அனுமதியின்றி உபயோகித்ததாக, சிங்கப்பூரில் 17 வயது மாணவர் ஒருவர்மீது கணினித் துஷ்பிரயோகச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தது. அக்குற்றத்திற்கு உச்ச தண்டனை 10,000 வெள்ளி அபராதம், அல்லது 3 ஆண்டுச் சிறை, அல்லது இரண்டும். 2007 ஜனவரியில் நீதிமன்றம் அவரை 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. இதில் வேடிக்கை யாதெனில், வழக்கு வந்த சில வாரங்களில், 2006 டிசம்பர் 1-ஆம் தேதி, அரசாங்கமே 'வயர்லெஸ் அட் எஸ்ஜி' என்ற பெயரில் பொது இடங்களில் இலவச இணைப்பைத் திறந்துவிட்டது! அன்று அதன் வேகம் விநாடிக்கு 512 கிலோபிட்தான். இலவசமாய் உபயோகிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. உடையவர் அனுமதி இருந்ததா என்பதே கேள்வி.

எடுப்பவருக்கும் இதில் ஆபத்துண்டு. பூட்டில்லாத இணைப்பை மடிக்கணினி பெயரைக் கொண்டே அடையாளம் காண்கிறது. ஒருமுறை சேர்ந்த பெயரை நினைவில் வைத்து, மறுமுறை தானாகவே போய்ச் சேரும். அதே பெயரை வேறொருவன் தன் பெட்டிக்கு வைத்தாலும் சேர்ந்துவிடும்! வங்கிப் பக்கங்கள் செய்தியைப் பூட்டித்தான் அனுப்புகின்றன என்பது மெய்; ஆனால் வலை விரித்தவன் போலிப் பக்கம் ஒன்றைக் காட்டி நம் கடவுச்சொல்லைக் கேட்கலாமே. ஆகவே, வெளியிடங்களில் சேரும்போது 'தானாக இணை' என்ற குறியை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அப்பெயரை மறக்கும்படி கணினிக்குச் சொல்லுங்கள். பணக் கணக்குப் பார்க்க வேண்டுமாயின், சொந்தக் கைப்பேசியின் இணைப்பை மடிக்கணினிக்குக் கொடுப்பது மேல்.

இனி, கடை வைத்திருப்போர் கவனத்திற்கு. உங்கள் இணைப்பில் வழிப்போக்கன் ஒருவன் விஷமம் செய்தால் விசாரணை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். ரவுட்டரோடு வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றுங்கள், டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்ற பூட்டைப் போடுங்கள். வேலையாள் மாறினால் சொல்லையும் மாற்றுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் இல்லையென்று சொல்ல நமக்கு மனம் வராது. அதற்காகவே பல ரவுட்டர்களில் 'விருந்தினர் இணைப்பு' என்று தனியே ஒன்று உண்டு. கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டுவதானால் அந்தச் சொல்லை ஒட்டுங்கள். கடைக் கணக்கு நடக்கும் இணைப்பின் சொல் உங்களிடமே இருக்கட்டும்.