புதிய உணவகத்துக்குப் பில் கணிப்பொறி: முன்பணம் கொடுப்பதற்கு முன்

மளிகைக் கடை வைத்திருக்கும் நமது அங்கத்தினர்களில் பலர், பிள்ளைகள் தலையெடுத்ததும் கடையை ஒட்டியே ஒரு மெஸ்ஸோ சைவ உணவகமோ தொடங்குகிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கொள்முதல் விலைக்கே கைக்குக் கிடைக்கின்றன. தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கும் குறைவில்லை. யோசனை நல்லதுதான். ஆனால் இடம் பிடித்து, அடுப்புக் கட்டி, மேசை நாற்காலி போட்டு, பெயர்ப் பலகையும் மாட்டிய பிறகு கடைசியாகத்தான் பில் போடும் கணிப்பொறி நினைவுக்கு வருகிறது. அந்த நேரத்தில் கையில் பணமும் இருப்பதில்லை, பொறுமையும் இருப்பதில்லை. விற்பனையாளர் ஒருவர் வந்து வண்ணத் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். நாமும் முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மளிகைக் கடை பில்லும் உணவக பில்லும் ஒரே ஜாதி அல்ல. கடையில் சரக்கு போவதும் பணம் வருவதும் ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில், நம் கண்ணெதிரே நடக்கின்றன. உணவகத்தில் அப்படியில்லை. சப்ளையர் சொல்கிறார், மாஸ்டர் போடுகிறார், வேறொருவர் எடுத்து வருகிறார், சாப்பிட்டவர் அரை மணி கழித்துக் கல்லாவுக்கு வருகிறார். இடையில் நாலு கை மாறுகிறது. சமையலறையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு தட்டும் பில்லில் ஏறியதா என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாத கணிப்பொறி, எவ்வளவு விலையானாலும், வேகமாகக் கூட்டல் போடும் கருவி மட்டுமே.

இந்தக் கவலை புதிதல்ல. கல்லா இயந்திரம் பிறந்ததே இதனால்தான். அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், பணியாட்கள் பணத்தைக் கல்லாவில் போடாமல் பையில் போடுவது கண்டு நொந்துபோயிருந்தார். கப்பல் பயணத்தில், உந்துவிசிறி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணிக் காட்டும் கருவியைப் பார்த்தார். அதே போல விற்பனையையும் எண்ணினால் என்ன என்று தோன்றி, 1879-ல் தம் சகோதரருடன் சேர்ந்து முதல் கல்லா இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி அல்ல, நம்மைப் போல் கடைக்காரர்.

மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கு இந்த ஓட்டை வேறு வழியில் தெரியவரும். ஓர் உணவகத்துக்கு வாரா வாரம் போகும் இட்லி அரிசியும் உளுந்தும் கூடிக்கொண்டே போகும். ஆனால் எங்கள் பாக்கி மட்டும் குறையாது. முதலாளியைக் கேட்டால், "கணிப்பொறியில் விற்பனை அவ்வளவுதான் காட்டுகிறது அண்ணே" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. கணிப்பொறிக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். சொல்லப்படாத தட்டுகள் எங்கள் பேரேட்டில் பாக்கியாக நிற்கும்.

ஆகவே இயந்திரம் பார்க்கப் போகுமுன் காகிதத்தில் தொடங்குங்கள். வரிசை எண் அச்சிட்ட, கார்பன் வைத்த ஆர்டர் சிட்டைப் புத்தகம் சப்ளையருக்கு ஒன்று கொடுங்கள். சிட்டை இல்லாமல் சமையலறையிலிருந்து ஒரு வடைகூட வெளியே வரக் கூடாது. இரவில் மாஸ்டரிடம் உள்ள சிட்டைகளையும் கல்லாவில் உள்ள பில்களையும் ஒத்துப் பாருங்கள். சமைத்துப் பார்க்கும் ஒத்திகை நாட்களிலேயே இதைச் செய்துவிடலாம். இந்தப் பழக்கம் படிந்த இடத்தில்தான் கணிப்பொறி உதவும். படியாத இடத்தில், எந்தப் பெரிய நிறுவனத்தின் மென்பொருளும் உதவாது.

இனி விற்பனையாளர் வரட்டும். அவர் காட்டுவதைப் பார்ப்பதைவிட நாம் கேட்பதைச் செய்யச் சொல்ல வேண்டும். சமையலறைக்குப் போன ஆர்டரை ரத்து செய்யச் சொல்லுங்கள். யார் வேண்டுமானாலும் ரத்து செய்ய முடிந்தால் அந்த மென்பொருள் வேண்டாம். முதலாளியின் கடவுச்சொல் இல்லாமல் ரத்து ஆகக் கூடாது. ரத்தானவை, மறுபடி அச்சிட்டவை, தள்ளுபடி போட்டவை மூன்றும் நேரத்தோடும் ஆள் பெயரோடும் இரவுக் கணக்கில் தனிப் பட்டியலாக வர வேண்டும். எங்கள் அனுபவத்தில் ஓட்டை பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும்.

அடுத்து, சமையலறைச் சீட்டைத் தமிழில் அச்சிடச் சொல்லுங்கள். 'ரவா ரோஸ்ட்' என்பதைக் கொம்பும் காலும் உடையாமல் தெளிவாக அடிக்கிறதா, எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் மளமளவென்று ஓடும் சில தெர்மல் பிரிண்டர்கள் தமிழுக்கு வந்தால் இழுக்கும். அடுப்படியில் ஆவியிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் நிற்கிறவர் ஒரு பார்வையில் படிக்க வேண்டிய சீட்டு அது. இன்று சமையலறைகளில் வடமாநிலப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பண்டத்துக்கு ஓர் எண்ணும் சேர்த்து அச்சாக வேண்டும்.

தெர்மல் தாள் பற்றி ஒரு வார்த்தை. அதன் எழுத்து சில மாதங்களில் மங்கிப் போகும். ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்றச் சொல்கிறது. ஆகவே கம்பியில் குத்தி வைத்த பில்லை நம்பி இருக்க முடியாது.

கூட்ட நேரச் சோதனையும் தேவை. கோயிலுக்கு வந்த பேருந்து ஒன்று வாசலில் நின்றால் ஐம்பது பேர் ஒரே சமயத்தில் உட்காருவார்கள். ஒரு மேசையை இரண்டாகப் பிரித்து பில் கேட்பார்கள். பாதிச் சாப்பாட்டில் பார்சல் சொல்வார்கள். இதையெல்லாம் விற்பனையாளர் செய்து காட்டினால் போதாது. கல்லாவில் உட்காரப் போகும் உங்கள் பிள்ளையோ மருமகளோ செய்து பார்க்க வேண்டும்.

மின்சாரமும் இணையமும் போனால் என்ன ஆகும்? டெல்டாக்காரர்களாகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் இருட்டாகக் கிடந்தன. கைப்பேசிக் கோபுரங்களும் வேலை செய்யவில்லை. சோறு வேண்டியவர்கள் இருந்தார்கள். கணக்கு வேண்டிய கணிப்பொறி தூங்கியது. புயல் அபூர்வம் என்று விட்டாலும், மதிய நேரத்தில் ஒரு மணி நேரம் இணையம் போவது அபூர்வமல்ல. கணக்கு முழுவதையும் வெளியூரில் உள்ள கணிப்பொறியில் வைக்கும் முறை இப்போது அதிகம். அது தவறல்ல, நம் இயந்திரம் எரிந்தாலும் கணக்கு தப்பும். ஆனால் விற்பனையாளர் எதிரிலேயே இணையக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பத்து பில் போடச் சொல்லுங்கள். மறுபடி மாட்டியதும் பத்தும் வரிசை எண் தவறாமல் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். கல்லா, பிரிண்டர், இணையப் பெட்டி மூன்றுக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் கணக்கிடுங்கள். பலர் கணிப்பொறிக்கு மட்டும் கொடுத்துவிட்டு இணையப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

வரி விஷயம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியது. சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு எல்லை ஆண்டுக்கு 40 லட்சம். அதே பெயரில், அதே பான் எண்ணில் உணவகமும் சேர்ந்தால் எல்லை 20 லட்சமாகிவிடும். இரண்டு விற்பனையும் கூட்டப்படும். சாதாரண உணவகத்துக்கு 2017 நவம்பர் 15 முதல் வரி 5 சதவீதம், ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. இதன் பொருள் என்னவென்றால், கணிப்பொறிக்கும் அதன் ஆண்டுப் பராமரிப்புக்கும் நாம் கட்டும் 18 சதவீதம் திரும்ப வராது. 50,000 ரூபாய் என்று விலை சொன்னால் உங்கள் செலவு 59,000 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை உள்ளவர் இணக்க முறை எடுத்தால், வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. பில்லின் தலையில் அதற்குரிய வாசகமும் அச்சாக வேண்டும். அந்த வாசகம் இல்லாமல் வரியைத் தனியாகக் காட்டி அடிக்கும் பில் வம்பை விலைக்கு வாங்குவதாகும். ஸ்விக்கி, ஸொமாட்டோ வழியாகப் போகும் உணவுக்கு 2022 ஜனவரி 1 முதல் அந்த நிறுவனங்களே வரி கட்டுகின்றன. அந்த விற்பனையைத் தனித் தலைப்பில் பிரித்துக் காட்டாத மென்பொருளை வைத்திருந்தால் அதே உணவுக்கு நாமும் ஒருமுறை கட்டிவிடுவோம். இதிலெல்லாம் உங்கள் வரி ஆலோசகரை ஒருமுறை எதிரில் உட்கார வைத்துப் பாருங்கள். அவர் கட்டணம் வீண் செலவல்ல.

விகிதமும் நிலையானதல்ல. 2025 செப்டம்பர் 22 அன்று ஒரே இரவில் பிஸ்கட்டும் சோப்பும் 18-லிருந்து 5-க்கு இறங்கின, நெய் 12-லிருந்து 5-க்கு வந்தது, காற்றடைத்த குளிர்பானம் 40-க்குப் போனது. உணவகத்தின் 5 சதவீதம் மாறவில்லை. ஆனால் முகப்பில் பிஸ்கட்டும் குளிர்பானமும் வைத்து விற்பவர்கள் காலையில் கடை திறக்குமுன் மாற்றியாக வேண்டியிருந்தது. விகிதத்தை நாமே மாற்ற முடியுமா, அல்லது ஒவ்வொரு முறையும் ஆளை அழைத்துக் காசு கொடுக்க வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சமையல் சரக்கு இருப்பைத் தானே கழித்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. ஒரு தோசை விற்றால் இத்தனை கிராம் அரிசி குறையும் என்று அதுவே கணக்குப் போடும். கேட்க இனிப்பாக இருக்கும். முதல் வருடம் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அரிசி, உளுந்து, எண்ணெய், பால், 19 கிலோ காஸ் உருளை இந்த ஐந்தையும் வாரம் ஒருமுறை கையால் எண்ணி விற்பனையோடு வைத்துப் பார்த்தாலே போதும். மூட்டைக் கணக்கில் மட்டும் ஏற்றாதீர்கள். 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயர் அச்சிட்ட அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் வரி வந்ததால் 26 கிலோ மூட்டையும் சந்தைக்கு வந்துவிட்டது. மூட்டை என்று எழுதினால் எந்த மூட்டை என்று தெரியாது. கிலோவில் எழுதுங்கள்.

கடைசியாக உரிமை. பில் கணக்கு யாருடையது? நம்முடையது. ஆனால் நிர்வாகக் கடவுச்சொல் விற்பனையாளரிடம், ஓ.டி.பி. வருவது அவர் கைப்பேசிக்கு என்றால், அடுத்த வருடம் பராமரிப்புத் தொகையை அவர் இரட்டிப்பாக்கினாலும் வாய் திறக்க முடியாது. முதல் நாளே இரண்டையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பண்டப் பட்டியல், தினசரி விற்பனை, கடன் பாக்கி மூன்றையும் எக்ஸெல் கோப்பாக எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து காட்டினால்தான் பாக்கித் தொகை என்று பேசுங்கள். மாதம் ஒருமுறை அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வீட்டுப் பீரோவில் வையுங்கள்.

திறப்பு விழாவுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே இயந்திரம் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். விழா நாளில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. கார்பன் வைத்த சிட்டைப் புத்தகங்கள் ஒரு டஜன் கல்லா இழுப்பறையில் எப்போதும் இருக்கட்டும்.