எழுதுமுனையும் எழுத்தும்

எழுத்தின் செம்மை எழுதுவோன் கைத்திறத்தால் மட்டும் அமைவதன்று. எழுதும் கருவியின் முனையாலும் அமைவதாகும்.

செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன், அங்கே பாறையைக் குடைந்து கோயில் ஒன்று அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி மும்மூர்த்திகளுக்கு அஃது ஆக்கப்பட்டதென அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறும். கிரந்த எழுத்தில் அமைந்த அக்கல்வெட்டு இன்றும் நிலைத்து நிற்கின்றது. கல்லில் எழுதுதற்கு வன்மையுடைய உளிமுனை வேண்டியிருந்தது.

அவ்வுளி பனையோலைக்கு ஆகாது. ஓலையில் எழுதியோர் கூரிய எழுத்தாணியைக் கொண்டனர். அம்முனையாற் புள்ளி குத்தின் ஏடு துளைபடுமென அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியிடாது விடுத்தனர். அதனால், மெய் எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்போர் இடம்நோக்கி உய்த்துணர வேண்டியதாயிற்று. எழுதுமுனையின் இயல்பு படிப்பவரையும் சாரும் என்பது இதனாற் பெறப்படும்.

தாளில் எழுதுதற்கு ஊற்றுப்பேனா வந்தது. அமெரிக்கராகிய வாட்டர்மன் என்பார் 1884இல் தாம் அமைத்த ஊற்றுப்பேனாவிற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர், பேனாமுள் செய்யும் தொழிலாற் பெயர்பெற்று விளங்கிற்று. பந்துமுனைப் பேனா பரவியபின் அத்தொழில் சுருங்கிற்று.

நிப்பு எனவும் வழங்கும் பேனாமுள்ளின் நடுவே மயிரிழை போன்ற பிளவு ஒன்று உண்டு. மை அதன்வழியே கசிந்து தாளிற் படியும். முனையின் அகலம் நோக்கி நுண்முனை, இடைமுனை, அகல்முனை என முள்ளை மூவகைப்படுத்துவர். எஃப், எம், பி என்னும் ஆங்கில எழுத்துகள் முறையே இவற்றைக் குறிக்கும்.

முதன்முதலாக ஊற்றுப்பேனா வாங்கும் மாணவன் இவற்றுள் எதனைக் கொள்வது? தமிழ் எழுத்துகளிற் சுழிகள் மிகுதி. றன்னகரத்திற்குச் சுழி இரண்டு. டண்ணகரத்திற்குச் சுழி மூன்று. சிறிய எழுத்தை அகல்முனையால் எழுதின், சுழியின் உட்புறம் மையால் அடைபடும். அப்பொழுது 'மனம்' எது, 'மணம்' எது என்று அறிதல் அரிதாம். தேர்வுத்தாளிற் பிழையற எழுதிய மாணவனும் பிழைசெய்தவனாகத் தோன்றுவான்.

ஆதலின், சிறுக எழுதுவோனுக்கு நுண்முனையே ஏற்றது. ஆயினும், மிக நுண்ணிய முனை சொரசொரப்பான தாளைக் கீறும். அழுத்தி எழுதுவோன் கையில் பிளவு விரிந்து கெடும். அத்தகையோனும் சற்றே பெரிதாக எழுதுவோனும் இடைமுனையைக் கொள்ளலாம். மை ஊறிப் பரவும் மலிந்த தாளுக்கு அகல்முனை சிறிதும் ஆகாது.

முள்ளிற் பொறித்த குறியை மட்டும் நம்புதலும் கூடாது. நெருங்கிய கோடுகளையுடைய எழுத்தை எழுதும் சப்பானியரது நுண்முனை, ஐரோப்பியரது நுண்முனையினும் பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். ஆகவே, தான் நாள்தோறும் எழுதும் தாளிலேயே, தன் இயல்பான அளவில், ணகர னகரங்கள் பயின்ற சொற்களை எழுதிப் பார்த்தல் வேண்டும். சுழிகள் திறந்து தோன்றின், அம்முனை தக்கதாகும்.

படிப்பவன் மயங்காது பொருள்கொள்ளும் எழுத்தே நல்லெழுத்து. அதனைத் தரும் முனையே நன்முனை. விலையும் பகட்டும் அதற்குப் பிற்பட்டனவே.