கஞ்சியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தோடு பத்து வருசப் பழக்கம். மே மாதம் வந்தால் மட்டும் போர்க்கதை எழும்பி, முகம் திருப்புவதில் முடிகிறது. இனி அதைப் பற்றிக் கதைக்காமலே விடுவதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: விடவேண்டாம், கதைக்கும் நாளை மட்டும் மாற்றுங்கள். மே 18, போரில் இறந்தோருக்குத் தமிழரான நாம் அஞ்சலி செலுத்தும் நாள். மறுநாள் அரசு போர்வீரர்களை நினைவுகூரும் நாள். இரண்டு வீட்டிலும் மனம் கொதிக்கும் அந்த நேரத்தில் நியாயம் பிளந்தால் சண்டைதான் மிஞ்சும்.

ஆனால் சேர்ந்து நினைவுகூர முடியாது என்றில்லை. 2022 மே 18 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டக்களத்தில் சிங்களவர்களும் பௌத்த பிக்குகளும் தமிழரோடு நின்று போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூர்ந்தார்கள்; கஞ்சியும் பகிரப்பட்டது. அரசியல் பிணக்கு அன்றோடு தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ஒரே இடத்தில் நிற்க முடிந்தது.

நீங்களும் கஞ்சியிலிருந்தே தொடங்கலாம். போரின் கடைசி நாட்களில் சனத்தின் பசியை அது எப்படித் தாங்கியது என்று சொல்லுங்கள். பிறகு, அவர்கள் வீட்டில் யாரை இழந்தார்கள் என்று கேளுங்கள், பதிலை இடைமறிக்காதீர்கள். யார் இழப்புப் பெரிது என்று நிறுக்காதீர்கள். ‘நீங்கள் எல்லாரும்’ என்று தொடங்கும் வசனம் கதவைச் சாத்திவிடும். குரல் உயர்ந்தால், ‘இண்டைக்குப் போதும்’ என்று எழும்புவதும் மரியாதைதான்.